யார் பெற்ற பிள்ளை

"விமானியோட பெயர்த் தகட்டைக் காணோம், மேடம்," என்றபடியே உள்ளே வந்தார் அகழ்வுக் குழுத் தலைவர். காலணிச் சேறு கதவிலிருந்து நாற்காலி வரை அவரோடு வந்தது. "அந்தக் காலப் போர்ல விழுந்த சண்டை விமானம். நேத்துதான் விமானி இருக்கை வரைக்கும் தோண்டினோம். தகடு மண்ணு அப்பிக் கிடந்துச்சு. காலையில கழுவிப் படிக்கலாம்னு கூடாரத்துல வெச்சேன்."

"உள்ளே யாரார் போனாங்க?" என்றார் துப்பறிவாளர்.

"பொக்லைன் ஓட்டுநர். அப்புறம் விமானியோட மகள். வயசானவங்க. 'எங்கப்பா எலும்பைப் பத்திரமா எடுங்க'ன்னு நேத்தெல்லாம் அழுதுட்டே நின்னாங்க."

துப்பறிவாளரின் உதவியாளனுக்கு அலுவலகத்தில் 'அவசரம்' என்றுதான் பெயர். விமானம் புதைந்திருந்த வயலில் இறங்கியதுமே ஓட்டுநரின் பையைப் பிடுங்கி, எல்லார் முன்னாலும் கவிழ்த்தான். ஒரு சட்டை, மாத்திரை அட்டை, சாப்பாட்டு டப்பா.

"கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேனே, தம்பி," என்றார் ஓட்டுநர். அவசரத்தின் முகம் சுண்டிப்போனது. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.

துப்பறிவாளர் கூடார வாசலிலிருந்த குடிநீர் வாளியை எட்டிப் பார்த்தார். அடியில் மண் படிந்திருந்தது. குழிக்குள்ளிருந்து எலும்புகளைத் துணியில் ஏந்தி வந்தார்கள். "பாத்து எடுங்கய்யா," என்றார் மகள், "யார் பெத்த பிள்ளையோ."

துப்பறிவாளர் எல்லாரையும் கூடாரத்துக்குள் அழைத்தார்.

"எடுத்தவங்க தகட்டை இங்கேயே கழுவியிருக்காங்க. விக்கத் திருடுறவன் நின்னு கழுவ மாட்டான். பேரைப் பாக்கத் துடிச்சவங்கதான் கழுவுவாங்க." மகள் பக்கம் திரும்பினார். "நேத்து வரைக்கும் 'எங்கப்பா'. இன்னைக்கு 'யார் பெத்த பிள்ளையோ'. சொந்த அப்பாவை யாரும்மா அப்படிச் சொல்லுவாங்க?"

அந்த அம்மா கைக்குட்டையைப் பிரித்தார். உள்ளே தகடு.

"இது எங்கப்பா பேர் இல்ல. அவரோட சிநேகிதர் பேர். அன்னைக்கு முகாம்ல ரெண்டு பேர் காணாமப் போனாங்க. விமானத்தோட விழுந்தது எங்கப்பா, ஓடிப்போனது இவர்னு எழுதிட்டாங்க. எங்களுக்கு வீரன் குடும்பம்னு மரியாதை. இவரோட தங்கச்சி என் வகுப்பு. 'ஓடுகாலி வீடு'ன்னு அவளை முதல்ல கூப்பிட்டவளே நான்தான்."

துப்பறிவாளர் தகட்டை வாங்கிப் படித்தார்.

"அந்தத் தங்கச்சி இப்ப இருக்காங்களா?"

"அடுத்த தெருவுலதான். இன்னும் என்னைக் கண்டா எதிர்ப்பக்கம் போயிடுவா."

மத்தியானம் அவசரம்தான் வண்டி ஓட்டினான். தங்கச்சியின் வீடு வந்தும் அந்த அம்மா இறங்கவில்லை. ஒரு பையைக் கவிழ்த்ததற்கே தனக்கு இப்படி இருக்கிறதே, இவர் எப்படி இறங்குவார் என்று நினைத்தவன், கதவைத் திறந்து கையைக் கொடுத்தான்.

"போய் என்னன்னு சொல்லுவேன்?"

"முதல்ல அவங்க அண்ணன் பேரைச் சொல்லுங்க," என்றார் துப்பறிவாளர்.

மணியடித்ததும் நரைத்த தலையொன்று எட்டிப் பார்த்தது. ஆள் யாரென்று தெரிந்ததும் கதவு மூடத் தொடங்கியது. அந்த இடைவெளியில் அந்த அம்மா தகட்டிலிருந்த பெயரைச் சொன்னார்.

கதவு பாதியில் நின்றது.