சுண்ணாம்புக் கோடு

9.7.1974, செவ்வாய். இன்று ஒரு தவறு செய்தேன். பின்னணி எண்ணிக்கை எடுக்கும்போது கோட்டுக்கு உள்ளே நின்றுவிட்டேன் என்று நினைக்கிறேன். நிமிடத்துக்கு நூற்றுப் பத்து வர வேண்டிய இடத்தில் நூற்றைம்பது வந்தது. உள்ளே நின்றதாக நினைவில்லை. ஆனால் வேறு காரணம் தெரியவில்லை. 'செ. நின்றதால் பிழை' என்று ஓரத்தில் எழுதி, அந்த எண்ணை அடித்துவிட்டேன்.

எழுதி முடித்த பிறகும் செவ்வந்தி பேனாவை மூடவில்லை. மாலைக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து இரவு படுக்குமுன் அன்றைய தவறை எழுதிவைப்பது அவள் பழக்கம். எழுதிவிட்டால் அது முடிந்துவிடும். இது முடியவில்லை. மூக்கில் ஏதோ வாடை ஒட்டிக்கொண்டிருந்தது. கையை முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான்.

பகலில் அவள் அதே கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர். ஆய்வகம் இருந்த கட்டடம் போன தை மாதம்வரை நெற்களஞ்சியம். நில உச்சவரம்புச் சட்டம் நெருக்கியதும் மிராசுதார் உலகநாதன் கொஞ்சம் நிலத்தையும் களஞ்சியத்தையும் கல்லூரி அறக்கட்டளைக்கு எழுதிவைத்துவிட்டு, அதற்குத் தானே செயலாளரும் ஆனார். முழக்கனச் சுவர், ஜன்னல் கிடையாது, ஒரே கதவு. நியூட்ரான் வேலைக்கு இதைவிடத் தோதான அறை கிடைக்காது என்று விரிவுரையாளர் நாகநாதன் சந்தோஷப்பட்டார். வடக்குப் பக்கத் தரைக்கு மட்டும் மாசி மாதத்தில் புதிதாகச் சிமெண்ட் போட்டிருந்தார்கள். மற்ற இடமெல்லாம் பழைய கருங்கல்.

அறையின் நடுவில் ஈயப்பெட்டி. அதற்குள் காமா ஒளி வீசும் ஊற்றும், அதை ஒட்டிப் பெரிலியக் கட்டியும். பெரிலியத்தின் அணுக்கரு காமா ஒளியை விழுங்கினால் ஒரு நியூட்ரானைத் துப்பும். துப்பிய நியூட்ரான்களில் வெள்ளி எவ்வளவை விழுங்குகிறது, செம்பு எவ்வளவை விழுங்குகிறது என்று அளப்பதுதான் நாகநாதனின் ஆராய்ச்சி. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தாங்கியில் எண்ணும் குழாய். ஒவ்வொரு நியூட்ரானுக்கும் ஒலிபெருக்கி ஒரு 'டிக்' சொல்லும். தூரத்தில் நின்று கேட்டால் சட்டியில் நெல் பொரிவதுபோல இருக்கும். தாங்கியைச் சுற்றி, ஐந்தாறு முழம் தள்ளி, தரையில் சுண்ணாம்பால் ஒரு வட்டக் கோடு. வெள்ளியோ செம்போ வைக்காமல் வெறுமனே எடுப்பது பின்னணி எண்ணிக்கை. எண்ணும்போது யாரும் கோட்டுக்குள் இருக்கக் கூடாது.

"தள்ளி நில்லும்மா." முதல் நாளே நாகநாதன் சொல்லியிருந்தார். "மனுஷ உடம்பு முக்காலே மூணு வீசம் தண்ணி. நியூட்ரான் உன்மேல பட்டா, வேகம் கொறஞ்சு, திரும்பிக் குழாய்க்கே வந்துடும். நீ நின்னா முப்பது கூடும். நான் நின்னா அறுபது."

"ஏன் சார் அவ்வளவு வித்தியாசம்?"

"என் வீட்டுக்காரி சமையலைத்தான் கேக்கணும்."

அவள் சிரித்தாள். தள்ளி நில் என்ற சொல் அவள் தெருவுக்குப் புதிதல்ல. ஆனால் அறிவியல் காரணத்தோடு அதைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அந்தக் கோட்டுக்கு வெளியே அவரும் நிற்க வேண்டியிருந்தது. அதனாலேயே அவளுக்கு அந்தக் கோட்டைப் பிடித்தது.

முப்பது. நேற்று கூடியிருந்தது நாற்பது. புதன்கிழமை காலை பேருந்தில் கூத்தாநல்லூர் தாண்டும்போதுதான் அது அவளுக்கு உறைத்தது.

அன்று சாயங்காலம் அவளுக்கு வகுப்பு இல்லை. கோட்டுக்கு வெளியே, கதவோரம், சுவரில் முதுகு படும்படி நின்று எடுத்தாள். நூற்றைம்பது. வேண்டுமென்றே கோட்டுக்குள் போய் நின்று எடுத்தாள். நூற்றெண்பது. வெளியே வந்தாள். நூற்றைம்பது. அவளுடைய முப்பது அவளோடு வந்தது, அவளோடு போனது. அந்த நாற்பது போகவில்லை.

நாகநாதனிடம் சொன்னாள்.

"ஆத்துல தண்ணி வந்து வாய்க்கால்ல ஓடுது இல்லையா? சுவரு ஈரம் குடிச்சிருக்கும்," என்றார் அவர், வகுப்புக்குப் போகும் அவசரத்தில். "ஈரமும் தண்ணிதானே? காட்மியம் தகட்டை வச்சுப் பாரு. மெதுவா வர்ற நியூட்ரான் ஒண்ணைக்கூட அது விடாது, குடிச்சிடும். குழாய்க்கு நாலு பக்கமும் ஒவ்வொண்ணா வை. எந்தப் பக்கம் மறைச்சா கொறையுதோ, அந்தப் பக்கத்துலதான் ஈரம். வகுப்பு முடிஞ்சு வந்து பாக்குறேன்."

அவர் போனதும் சுவர்களைத் தடவிப் பார்த்தாள். வாய்க்கால் தெற்கே ஓடியது. தெற்குச் சுவர் உலர்ந்திருந்தது. மற்றவையும்தான். தான் சரியாகத் தொடவில்லையோ என்று இன்னொரு முறை, உள்ளங்கைக்குப் பதிலாகக் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். சுவர் சுண்ணாம்பு மணத்தது. அதற்கும் கீழே, தரை மட்டத்திலிருந்து, வேறொரு வாடை.

சாணம்.

களஞ்சியத்தில் சாண வாடை இருப்பது அதிசயமில்லை என்று சொல்லிக்கொண்டாள்.

போன தை மாதம், அறுவடைக் கூலியில் அரை மரக்கால் கூடக் கேட்டு ஐந்து பேர் இந்த வாசலுக்கு வந்தார்கள். அவள் அண்ணன் காத்தான் முன்னால் நின்றான். மற்ற நான்கு பேரும் முற்றத்தில் நின்றபோது அவன் மட்டும் படியேறினான். "நெல்லு உள்ள இருக்கு, அறுத்தவன் மட்டும் வெளிய நிக்கணுமாக்கும்?" என்று சிரித்தானாம். தள்ளி நில்லுடா என்று மூன்று தடவை சொன்னார்களாம். பிறகு அவனை உள்ளே இழுத்துப்போய்ச் சாணிப்பால் கொடுத்தார்கள். சாணத்தைத் தண்ணீரில் கரைத்து வாயைப் பிளந்து ஊற்றுவது. அதெல்லாம் தாத்தா காலத்தோடு போயிற்று என்று கட்சிக் கூட்டங்களில் பேசுவார்கள். வெளியே நின்ற நால்வருக்கும் அவன் இருமுவது கேட்டது. கதவு சாத்தினார்கள். பிறகு கேட்கவில்லை.

மறுநாள் உலகநாதனே அவர்கள் தெருவுக்குக் காரில் வந்தார். "ஒம் மவன் அவமானம் தாங்காம பம்பாய்க்கு ரயிலேறிட்டான், பொன்னுத்தாயி," என்றார் அம்மாவிடம். "பயலுக்கு ரோஷம் அதிகம். பொண்ணு படிச்சிருக்குல்ல? காலேஜ்ல ஒரு வேலை போட்டுத் தரச் சொல்றேன். சாயங்காலம் அங்கேயே படிக்கட்டும்."

அம்மா அவரைக் கும்பிட்டாள். செவ்வந்தி கும்பிட்டாளா என்று அவளுக்கு நினைவில்லை. அன்றிலிருந்து அவளுக்குள் ஏதோ ஒன்று மரத்துப்போய், பல் பிடுங்குமுன் ஊசி போட்ட ஈறுபோல, இடம் தெரிந்தும் வலி தெரியாமல் கிடந்தது. பம்பாயிலிருந்து கடிதம் வரவில்லை. அம்மா இரவு தோறும் ஒரு வட்டிலில் சோறு எடுத்துவைத்து மூடிவைப்பாள். காலையில் அதை நீராகாரமாக்கிச் செவ்வந்தி குடித்துவிட்டு வேலைக்கு வருவாள். அண்ணன் பம்பாயில் இருந்தால் அந்தச் சோற்றுக்கு அர்த்தம் உண்டு. இந்தச் சம்பளத்துக்கும் அர்த்தம் உண்டு. இல்லையென்றால் தான் குடிப்பது என்ன என்று அவள் இதுவரை யோசித்ததில்லை.

தகட்டை எடுத்தாள்.

தெற்கே வைத்துவிட்டுக் கோட்டுக்கு வெளியே வந்தாள். நூற்றைம்பது. மேற்கே. நூற்றைம்பது. கிழக்கே. நூற்றைம்பது. முற்றத்துக்கு அப்பால் நாகநாதன் பாடம் நடத்தும் குரலும், பெஞ்சு இழுபடும் சத்தமும் தெளிவாகக் கேட்டன. நாற்பது வாட் விளக்கு தாங்கியின் நிழலைச் சுவர்வரை நீட்டியிருந்தது. தகட்டை வடக்கே, புதுச் சிமெண்டுப் பக்கம், சாய்த்துவைத்தாள்.

நூற்றுப் பத்து.

அப்படியானால் ஈரம் வடக்கே. புதுச் சிமெண்டு, உள்ளே உலராமல் இருந்திருக்கும். அவள் நெஞ்சு லேசானது. ஒரு அளவு போதாது, இரண்டாவது எடுக்க வேண்டும் என்பது விதி. தகட்டைத் தொடாமல் மறுபடி எடுத்தாள்.

நூற்றைம்பது.

நெல் பொரியும் சத்தம் சற்று நெருங்கிக் கேட்டது. தான்தான் தகட்டைத் தட்டிவிட்டிருக்க வேண்டும் என்று போய்ப் பார்த்தாள். விழவில்லை. அதே இடத்தில் நின்றது. தகட்டைக் கிழக்கே மாற்றி வைத்துவிட்டு வெளியே வந்தாள். நூற்றுப் பத்து.

மறுபடி. நூற்றைம்பது.

வடக்கே இருந்தது கிழக்கே வந்திருக்கிறது. கிழக்கே மறைத்தால் அங்கிருந்தும் விலகுகிறது. ஈரம் நடக்காது. சிமெண்டு நடக்காது. தகட்டைத் தெற்கே, கதவுக்கும் குழாய்க்கும் நடுவே, வைத்தாள். திரும்பிக் கோட்டைத் தாண்டும்போது சாண வாடை முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. எண்ணினாள்.

நூற்றுப் பத்து.

அவளுக்கும் குழாய்க்கும் நடுவில். அவளுக்கு எதிரில். தகட்டை ஒட்டி. அங்கே எதுவும் இல்லை. விளக்கு, தாங்கி, கருங்கல், தூசு.

நாற்பது. அவளைவிடக் கனம். நாகநாதனைவிட மெலிவு. உயரமாக, சதைப்பிடிப்பில்லாமல், அறுவடைக்கு அறுவடை வயிறு ஒட்டிய ஒரு உடம்பு. முக்காலே மூணு வீசம் தண்ணீர். அதிலும் வயிறு நிறைய.

யாரோ தொண்டையைச் செருமினார்கள். முற்றத்தில் இருக்கலாம்.

வகுப்பில் மணி அடித்தது. சார் வந்துவிடுவார். வந்தால் எண்ணைக் கேட்பார். எண் தப்பாக இருந்தால், ஈரம் எங்கே என்று புதுச் சிமெண்டுத் தரையைப் பிரித்துப் பார்க்கச் சொல்வார். பிரித்தால். அதற்குமேல் அவளால் நினைக்க முடியவில்லை. சார் வருமுன் எண் சரியாக வேண்டும். அது ஒன்றுதான் தெரிந்தது. இந்த அறையில் எண் தப்பும்போதெல்லாம் எதைச் சொல்வார்களோ அதையே அவள் வாய் தானாகச் சொன்னது.

"அண்ணே, தள்ளி நில்லு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது. இந்த வாசலில். அதே சொல்லை. நான்காவது தடவையாக.

பொரிதல் குறைந்தது.

தகட்டைப் போய் எடுத்தாள். வெறும் குழாய். கோட்டுக்கு வெளியே வந்து, கதவோரம் நின்று, ஒரு நிமிடம் எடுத்தாள். நூற்றுப் பத்து. இன்னொரு நிமிடம். நூற்றுப் பத்து. எந்தப் பிழையும் இல்லை. கோட்டுக்குள் யாரும் இல்லை.

கோட்டுக்குள் இல்லை.

வாடை இப்போது தோள் உயரத்தில் இருந்தது. அவள் திரும்பவில்லை. கண்ணை மட்டும் தாழ்த்தினாள். சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி அவளுடைய இரண்டு பாதங்கள். பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, கருங்கல்லில் ஈரம். அகன்ற குதிகால். விரிந்த விரல்கள், சேற்றில் நடந்து நடந்து விரிந்தவை. கோட்டில் படாமல், சொன்னபடி, சரியாகத் தள்ளி. உயிரோடு இருந்தவரை யார் சொல்லியும் தள்ளி நிற்காத பாதங்கள். அவற்றின்மேல் எங்கிருந்தோ ஒரு சொட்டு விழுந்தது. பச்சைக் கறுப்பாக. இன்னொன்று. அது வழிந்து போய்ச் சுண்ணாம்பைத் தொட்டது.

"என்னம்மா, எவ்வளவு?" வாசலில் நாகநாதன்.

"நூத்திப் பத்து சார்."

"பாத்தியா? ஈரம்தான். காஞ்சிடுச்சு." அவர் மூக்கைச் சுளித்தார். "மாடு கீடு உள்ள வந்துச்சா?"

"இல்ல சார்."

"சரி, பூட்டிட்டுக் கிளம்பு."

அவர் அவளைப் பார்த்துப் பேசினார். அவளுக்குப் பக்கத்தில் பார்க்கவில்லை. விளக்கை அணைக்கக் கையை நீட்டியபோது, அவள் தோளுக்குச் சற்று மேலே, மிக மெதுவாக, வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு மூச்சு விடும் சத்தம். விழுங்கவும் இல்லை. துப்பவும் இல்லை.

10.7.1974, புதன். பின்னணி எண்ணிக்கை சரி. நேற்றைய பிழை நான் நின்றதால் வந்தது அல்ல. ஓரத்தில் எழுதியதைத் திருத்த வேண்டும். இன்றைய தவறு: அண்ணனைத் தள்ளி நிற்கச் சொன்னேன்.

நாளை: அண்ணனுக்குச் சோறு எடுத்துவைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்ல வேண்டும். கதவோரம் கோடு அழிந்திருக்கிறது. இரண்டு பேர் நிற்க இடம் விட்டுப் புதிதாகப் போட வேண்டும்.