வெந்நீர் மண்டபத்தின் தரை

நிழலில் இருந்த தரை சுட்டது.

அசுந்தா குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். தலைக்கு மேலே தொல்லியல் துறை போட்ட தகரக் கூரை. காலையிலிருந்து வெயிலே விழாத மூலை. பக்கத்துச் சுவர் குளிர்ந்திருந்தது. தரை மட்டும், சற்றுமுன் யாரோ படுத்திருந்து எழுந்துபோன இடம்போல வெதுவெதுப்பாக இருந்தது. சாவு வீட்டுக்கென்று அணிந்த கறுப்புச் செருப்பு குதிகாலைக் கடித்ததால் கழற்றி வைத்திருந்தாள். மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"கட்டால்தோ, போதும். கிளம்பு."

"இதோ வந்துட்டேன்."

ரோமானியர் விட்டுப்போன இடிசுவர் ஒன்று கண்ணில் பட்டால் போதும், அவள் கணவன் கட்டால்தோ வண்டியை நிறுத்திவிடுவான். அதுவும் உச்சி வெயில் கொளுத்தும் உரும நேரத்தில். இத்தாலியின் தென்கோடியான கலாப்ரியாவில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சன்னல்கூடத் திறந்திருக்காது. காவலாளி வாயிலைப் பூட்டிவிட்டு வீட்டில் குறட்டை விடுவான். வேலியில் ஒரு ஓட்டை இருக்கும். அந்த வேளையில் இடிபாட்டுப் பக்கம் ஆவி உலவும், போகாதே என்று பிள்ளைகளை மிரட்டுவார்கள். அவனையும் மிரட்டித்தான் வளர்த்திருந்தார்கள். சீட்டு வாங்காமல் நுழைய அதுதான் நல்ல நேரம் என்பதே அவன் கற்றுக்கொண்டது.

"அஞ்சே நிமிஷம். உங்கப்பா எங்க ஓடிப்போயிடப் போறாரு?" என்று சொல்லிவிட்டுத்தான் ஓட்டையில் புகுந்தான். வண்டிச் சாவி அவன் பையில்.

அவளுடைய கைப்பேசி அதிர்ந்தது. அண்ணன் வித்தோ.

"எங்க இருக்க?"

"வழியில."

"வழியிலன்னா? ஈயம் வைக்கிறவரு வந்து உக்காந்திருக்காரு. மூணாவது காப்பி ஓடுது. சவப்பெட்டியில தகட்ட வச்சு ஈயத்த உருக்கி ஒட்டிட்டா முடிஞ்சுது, அப்புறம் அப்பா முகத்த நீ பாக்க முடியாது."

"மூடாதண்ணே. நான் வந்து பாத்துடறேன். ஒரே ஒரு தடவ."

"மச்சான் எந்தக் கல்லத் தடவிக்கிட்டு நிக்கிறாரு?"

அவள் இணைப்பைத் துண்டித்தாள். அழுகை வரவில்லை. பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

"கட்டால்தோ!"

"இதோ வந்துட்டேன்."

குரல் முன்பு இடப்பக்கத்திலிருந்து வந்தது. இப்போது பின்னாலிருந்து. அவள் திரும்பினாள். வெயிலில் அரளிச் செடிகள் அசையாமல் நின்றன. காய்ந்த புல், சூடேறிய தகரம், எங்கோ ஆட்டுப் புழுக்கை. சில்வண்டுகளின் இரைச்சல் ரம்பம்போல் காதை அறுத்துக்கொண்டே இருந்து, ஒரே கையால் அமுக்கியதுபோல் நின்றது.

இந்தத் தரைக்கு அடியில் வெற்றிடம். முழங்கால் உயரச் செங்கல் தூண்கள் வரிசை வரிசையாக அதைத் தாங்கி நிற்கின்றன. அந்தக் காலத்தில் அடியில் அனலை ஓடவிட்டு மேலே குளித்தார்கள். அவள் கேட்காமலேயே போன இடமெல்லாம் அவன் விளக்கியிருக்கிறான். மண்டபத்தின் கோடியில் தரை உடைந்து வாய்போலத் திறந்திருந்தது.

"வெளையாடாத. சாவியத் தூக்கிப் போடு, நானே போய்க்கிறேன். நீ இங்கயே கெட."

"இதோ வந்துட்டேன்."

காலுக்கு அடியிலிருந்து.

அதே இழுப்பு. அதே மூச்சு. முதல்முறை சொன்னதற்கும் இதற்கும் ஒரு மயிரிழை வித்தியாசமில்லை.

பிறகு வாசனை வந்தது. புகை அல்ல. உருகிய மெழுகு. வாடத் தொடங்கிய பூ. அவற்றுக்குள் கூர்மையாக ஒன்று, நாக்கில் உலோகமாகப் படிந்தது. அம்மாவின் சவப்பெட்டியை மூடிய அன்று வீடெங்கும் இதே வாசனை இருந்தது. ஈயம்.

அவள் உடைப்பின் அருகே மண்டியிட்டாள். தரை முழங்காலைச் சுட்டது. கைப்பேசி விளக்கை உள்ளே நீட்டினாள்.

தூண்கள். தூசி. தூண்கள்.

ஒரு காலணியின் அடி. புதிது. தெருவில் ஒருமுறையும் நடக்காதது.

கட்டால்தோ அணிந்திருந்தது துணிச் செருப்பு.

வெளிச்சம் மேலே போனது. கறுப்புக் கால்சட்டை. மார்பில் கோத்த விரல்கள். அவற்றில் சுற்றிய ஜெபமாலை. மேலிருந்த தரை அழுத்தியதில் ஒருக்களித்த முகம்.

அப்பா.

கண்கள் திறந்திருந்தன. உதடுகள் ஒட்டியிருந்தன. ஒட்டிய உதடுகளுக்குப் பின்னாலிருந்து அவள் கணவனின் குரல் சொன்னது: "இதோ வந்துட்டேன்."

கைப்பேசி அதிர்ந்தது. விரல் தானாகத் தொட்டது.

"அசுந்தா." வித்தோ கிசுகிசுத்தான். "கோவிச்சுக்காத, மூடிட்டோம். இப்பதான். அசுந்தா, உள்ளேர்ந்து யாரோ தட்டறாங்க. ஒம்பேரச் சொல்லிக் கத்தறாங்க. அப்பா குரலு இல்ல, மச்சான் குரலு."

அவள் விளக்கை மறுபடி உள்ளே திருப்பினாள்.

கோத்திருந்த விரல்கள் பிரிந்தன. ஒரு கை முன்னால் வந்து செங்கல்லைப் பற்றியது. பிறகு மறு கை. ஜெபமாலை தரையில் உரசி உரசி இழுபட, முகத்தை அவள்மேலிருந்து எடுக்காமல், அவர் தூண்களுக்கு இடையே ஊர்ந்து வெளிச்சத்தை நோக்கி வந்துகொண்டிருந்தார்.