கீழ்த்தளத்தில் வறட்சி

காலை வாசிப்பின்போது கூடத்தில் இருந்தவர்கள்: குடும்பத் தலைவர் அம்பலவாணர், அவர் மனைவி வடிவாம்பாள், மகன் இளமாறன், மருமகள் சாருமதி, அவள் மடியில் கைக்குழந்தை. சுவரில் நலன்காட்டி.

செவ்வாயின் செம்மண்குடியில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். தோலுக்கடியில் உள்ள உணர்மணிகள் அளந்ததைக் காபி ஆறுவதற்குள் நலன்காட்டி எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படிக்கும். மூடிய குடியிருப்பில் ஒருவர் நோயை மற்றவர் அறிந்தாக வேண்டும் என்பது சட்டம். அம்பலவாணர் மானமுள்ளவர், தம் வீட்டு இயந்திரத்துக்கு, கூச்சமான சொற்களை மாற்றிச் சொல்லும் நாணத்திரை போட்டிருந்தார். எந்தச் சொல்லுக்குப் பதில் எந்தச் சொல் வரும் என்று மட்டும் பார்க்கவில்லை. அந்தப் பட்டியலைப் படிப்பதே அசிங்கம் என்று கருதினார்.

"சாருமதி. கீழ்த்தளத்தில் வறட்சி. எரிச்சல். கவனிக்கவும்" என்றது நலன்காட்டி.

சாருமதி தலை குனிந்தாள். பிரசவத்துக்குப் பின் கணவன் நெருங்கினாலே வலிக்குமோ என்று பயந்து விலகிப் படுத்தாள். தன்னைப் பிடிக்கவில்லை என்று அவன் எண்ணிக்கொண்டான். இருவரும் உறங்குவது நிலத்தடி வீட்டின் கீழ்த்தளத்தில்.

"கீழ ஈரக்காத்து பைப்பு அடைச்சிருக்கு. எரிச்சல்னா, வயர் கருகுதா?" என்றார் அம்பலவாணர்.

வடிவாம்பாளுக்குப் புரிந்துவிட்டது. "அது பொம்பளைங்க சமாச்சாரம், விடுங்க."

"பைப்புல என்னடி ஆம்பளை பொம்பளை?"

"நானே பாத்துக்கறேன் மாமா" என்றாள் சாருமதி.

"நீ பச்சை உடம்புக்காரி. பேசாம இரு."

வீடுகளுக்கு ஈரக்காற்று அனுப்பும் ஈரப்பத அலுவலகத்தில் நீண்ட வரிசை. அம்பலவாணர் நிமிர்ந்து நின்று சொன்னார்: "எங்க வீட்டுக் கீழ்த்தளத்துல வறட்சி. மருமக பேர்ல பதிவாகியிருக்கு."

அலுவலக ரோபோவுக்கு நாணத்திரை கிடையாது. மூலப்பதிவை எடுத்து உரக்கப் படித்தது. "சாருமதி. யோனி வறட்சி. தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவது காரணம். தூசித் தும்மலுக்குப் போடும் மாத்திரையும் கூடுதல் காரணமாகலாம், மருத்துவரைக் கேட்கவும். வாசனைச் சோப்பு கூடாது. நீர் சார்ந்த வழுக்குக் களிம்பு உதவும். இங்கே கிடைக்காது. மருந்தகம் அடுத்த வாசல்."

அம்பலவாணர் கூனிக் குறுகினார். முதுகுக்குப் பின்னால் ஓர் இளம்பெண் குரல்: "ரோபோ, அடுத்த வாசல்னா எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்."

வரிசையில் நின்ற பெண்களில் பாதிப் பேர் வலப்பக்கம் நகர்ந்தார்கள். வெறுங்கையோடு எந்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைவது? அம்பலவாணர் அந்த வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

மருந்தகத்தில் களிம்பைக் கறுப்புப் பையில் சுற்றிக் கொடுத்தார்கள். எடை பார்த்து எல்லாவற்றையும் பூமியில் விட்டுவிட்டு வந்த மூதாதையர், அந்த வழக்கத்தை மட்டும் விடாமல் கொண்டுவந்திருந்தார்கள். வழியெங்கும் பெண்கள் கையில் கறுப்புப் பை. பார்த்தவர்கள் எல்லோருக்கும் உள்ளே என்ன என்று தெரிந்தது.

"வலின்னு சொல்லியிருக்கலாமே" என்றான் இளமாறன் வீட்டில், அப்பா கொண்டுவந்த பையைப் பார்த்து.

"யார்கிட்ட? இந்தச் சுவர்கிட்டயா?" என்றாள் சாருமதி.

அம்பலவாணர் வீட்டில் குழாய் வெடித்ததாகவும், மருமகள் தாய்வீடு போய்விட்டதாகவும் செம்மண்குடியில் ஒரு பேச்சு உண்டு. தவறு. குழாய் நன்றாக இருக்கிறது. மருமகள் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறாள். அவளுக்கு இருந்தது யோனி வறட்சி. இப்போது இல்லை.