அருவிக்குப் பின்னால் ஒரு ஷிஃப்ட்

ஆயிரத்து இருநூற்று முப்பது. என் சகலைக்கு நான் தர வேண்டியிருந்த பணம் அவ்வளவுதான். அந்த நாட்டுக் கணக்கில் பதினோரு நாள் கூலி. என் மகளுக்கு ஆபரேஷன் என்று வாங்கியது. அவன் ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு அவனைக் கொஞ்சமாவது பிடித்திருக்கும்.

நான் பெரிய மாப்பிள்ளை, அவன் சின்ன மாப்பிள்ளை. கடல் கடந்து வந்து, ரயில் பாதைக்குச் சுரங்கம் வெட்டும் ஒரே கம்பெனியில் வேலை செய்தோம். ஒரே அறை. அவனுக்குக் கீழ்க்கட்டில், எனக்கு மேல்கட்டில். நான் ஒன்பது வருஷமாக மண் அள்ளுகிறேன். அவன் வந்த நாலாவது வருஷமே ஆட்களை இறக்கி ஏற்றும் லிஃப்டை ஓட்ட உட்கார்ந்துவிட்டான். நாற்காலி போட்ட வேலை. மாமனார் போன் செய்தால் அவனோடு பேசி முடித்துவிட்டுத்தான் பெரிய மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்பார். என் மனைவி என்னோடு இரண்டு நிமிஷம் பேசுவாள், பணம் போட்டாச்சா என்று. அவன் மனைவி அவனோடு ஒரு மணி நேரம் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு கீழ்க்கட்டிலிலிருந்து ஏறி என் காதுக்கு வரும். தலையணையை எடுத்துக் காதில் அமுக்கிக்கொள்வேன்.

அந்த நாட்டின் அருவியைப் பார்க்க எங்கெங்கிருந்தோ விமானம் ஏறி வருகிறார்கள். நாங்கள் மூன்று மணி நேரத் தூரத்தில் இருந்தும் பார்த்ததில்லை. ஒருநாள் பம்ப் பழுதாகிச் சுரங்கத்தில் வேலை நின்றது. போகலாம் என்று சகலைதான் ஆரம்பித்தான். இருப்பதிலேயே விலை குறைந்த டூரிஸ்ட் பஸ், விடியற்காலையில் கிளம்புவது. ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டோம். அங்கே மழைக்கோட்டு வாடகைக்குத் தருவார்கள். அந்தக் காசையும் மிச்சம் பிடிக்க, சைட்டில் போடும் மஞ்சள் கோட்டையே மடித்து எடுத்துப் போனோம்.

அருவி முதலில் காலுக்குத்தான் தெரிந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் தரை மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. பிறகு இரைச்சல். பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது, ஒரு ஆறு முழுசாகக் கால் தவறி விழுவதுபோல். சாரல் புகையாக எழும்பி எல்லோர் முகத்தையும் மறைத்தது. ஒரு வெள்ளைக்காரத் தம்பதி தங்களைப் படம் எடுத்துத் தரச் சொல்லிச் சகலையிடம் போனை நீட்டினார்கள். பக்கத்தில்தான் நானும் நின்றேன்.

அருவிக்குப் பின்னால் போவதற்குப் பாறையைக் குடைந்து ஒரு வழி இருந்தது. அதற்குத் தனி டிக்கெட். நான் வெளியிலேயே நிற்கிறேன் என்றேன். அவன் இரண்டு டிக்கெட்டாக வாங்கி வந்துவிட்டான்.

"கணக்குல எழுதிக்கங்கண்ணே."

தமாஷுக்குத்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது.

குகை வாயில் ஓரத்தில் ஒரு பழைய மரப்பலகை. அதில் வரிசையாக வெறும் ஆணிகள். கூட்டத்தில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அது என்னவென்று தெரியும். சுரங்கத்தில் இறங்குகிறவன் தன் டோக்கனை வாயில் பலகையில் மாட்டிவிட்டு இறங்குவான், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வான். ஆணியில் டோக்கன் தொங்கினால் அந்த ஆள் இன்னும் உள்ளே என்று அர்த்தம். எனக்குத் தகர டோக்கன், அவனுக்குப் பித்தளை. தொலைத்தால் மூன்று நாள் கூலியைப் பிடிப்பார்கள் என்பதால் லீவு நாளிலும் கழுத்திலேயே கிடக்கும்.

யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போய் மாட்டிவிட்டது. என்னுடையதற்குப் பக்கத்திலேயே அவனுடையதும் தொங்கியது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம்.

"இங்க யாருண்ணே நமக்கு ஆஜர் போடப் போறா?" என்றான்.

உள்ளே குளிர். தூரத் தூரத்தில் ஒரு மங்கல் பல்பு. சுவரைத் தடவினேன், கையால் உளி வைத்து வெட்டிய தடம். எந்தக் காலத்திலோ குடைந்த வழி. ஆனால் வெடிமருந்து வாடை அடித்தது. அன்று காலையில் வெடித்த வாடை. ஒன்பது வருஷம் அதை மூச்சில் இழுத்தவனுக்கு அதில் சந்தேகம் வராது.

அருவியின் இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது.

மண்வெட்டி பாறையில் உரசும் சத்தம்.

சகலை போனில் வீடியோ போட்டு மனைவிக்குச் சுவரைக் காட்டிக்கொண்டே பின்னால் வந்தான். அவனுக்குப் பின்னால் ஈர பூட்ஸ்கள் வரிசையாக நடந்து வருவது கேட்டது. நான் நின்றேன். அவையும் நின்றன. திரும்பினால் அவன் மட்டும்தான்.

என் பிடரியில் ஒரு மூச்சு பட்டது.

"ஒரு ஆள் குறையுது."

என்ன பாஷையோ தெரியாது. எனக்குப் புரிந்தது.

நான் அவனையும் தள்ளிக்கொண்டு வாயிலுக்கு ஓடினேன். வெளிச்சத்தில் வந்து நின்று பலகையைப் பார்த்தேன். ஆணிகள் காலியாக இல்லை. ஒவ்வொன்றிலும் துருப்பிடித்துக் கறுத்த ஒரு டோக்கன். நடுவில் என் தகரம், அவன் பித்தளை. என்னுடையதைப் பிடுங்கினேன்.

சகலை பின்னாலேயே வந்தான். கண் போனிலேயே இருந்தது. பெரிய மாமாவைப் பார் என்று என் முகத்துக்கு நேரே ஒரு நொடி காட்டினான். அவள் சிரிப்பது கேட்டது. டோக்கனை எடுக்காமலே பலகையைத் தாண்டி நடந்தான்.

சொல்ல வாய் வந்தது. மூன்று நாள் கூலி போகட்டுமே என்று இருந்தது.

சொல்லவில்லை.

பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். கோட்டின் தொப்பியைக் கழற்றவில்லை. கீழே தண்ணீர் சொட்டி என் செருப்பு நனைந்தது. டோக்கன் தொலைந்தது தெரிந்து பேசாமல் இருக்கிறான் என்று நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் இனிக்கவும் செய்தது. டிரைவர் விரலை நீட்டித் தலைகளை எண்ணி, கணக்கு சரி என்று வண்டியை எடுத்தார்.

என் போன் அடித்தது. மாமனார் போனிலிருந்து மச்சினி, அவன் மனைவி.

"மாமா, நீங்க எங்க இருக்கீங்க? அவரு இன்னும் அந்தக் குகைக்குள்ளதான் நடந்துட்டிருக்காரு."

கிளம்பிவிட்டோமே என்றேன்.

"வெளிச்சம் வந்துச்சு, உங்களையும் காட்டினாரு. அப்புறம் மறுபடியும் இருட்டு. நடக்க நடக்க வாசல் வரலங்கறாரு. இப்பவும் லைன்லதான் இருக்காரு."

நான் குரலைத் தாழ்த்தி, அவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னேன்.

"பக்கத்துல யாரு மாமா?"

தொப்பி மெல்ல என் பக்கம் திரும்ப ஆரம்பித்தது.

எப்படி எழுந்தேன், என்ன கத்தினேன் என்று தெரியாது. டிரைவர் வண்டியை நிறுத்தினார். அந்த சீட்டில் ஒரு மஞ்சள் கோட்டு மட்டும் கிடந்தது, உள்ளே நிறையத் தண்ணீரோடு. எண்ணும்போது ஆள் இருந்ததாக டிரைவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் வந்த வழியே ஓடினேன். குகை வாயில் பூட்டியிருந்தது. கம்பி வழியாகப் பலகை தெரிந்தது. ஆணிகள் எல்லாம் காலி. அந்தக் கறுத்த டோக்கன்களோடு பித்தளையும் உள்ளே போயிருந்தது. அவன் ஆஜர் ஏறிவிட்டது.

மூன்று நாள் தேடினார்கள். நாயைக்கூடக் கொண்டுவந்தார்கள். கால் தவறி அருவியில் விழுந்திருப்பான் என்று எழுதி முடித்தார்கள். டோக்கனைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட.

இரண்டு மாசம் ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைத்து, அந்தக் கடனோடு டிக்கெட் காசையும் சேர்த்து மச்சினிக்கு அனுப்பினேன். மறுநாள் அந்தப் பணம் அப்படியே என் கணக்குக்குத் திரும்பி வந்தது. சாயங்காலம் அவள் போன் செய்தாள்.

"அந்தப் பணம் வேண்டான்னுட்டாரு மாமா."

யார் என்று கேட்டேன்.

"அவருதான். ஷிஃப்ட் முடிஞ்சதும் தினமும் பேசறாரே. இப்பகூட ஒரு மணி நேரம் பேசிட்டுத்தான் வெச்சாரு. அண்ணன்கிட்ட இனிமே அந்தக் கணக்கை எடுக்காதன்னாரு. உள்ள அவரை மேஸ்திரி ஆக்கிட்டாங்களாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு நாலு வருஷம் கேட்ட அதே சிரிப்பு.

கடன் அன்றோடு தீர்ந்தது. அன்றிரவு கீழ்க்கட்டிலைப் பார்க்காமல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தேன். ஆனால் அந்தப் பயமெல்லாம் பிறகு வந்ததுதான். மேஸ்திரி என்று காதில் விழுந்ததும் எனக்கு முதலில் வயிறுதான் எரிந்தது.