உப்பு பிடித்த மிதவை

சங்கிலியை யாரும் இழுக்கவில்லை. ஆனாலும் கக்கூஸில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

எழுபத்தெட்டில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனி குவார்ட்டர்ஸ் கிடைத்தபோது ரத்னா பூரித்துப்போனதெல்லாம் ஒரு வாரம்தான். பாழாய்ப்போன உப்புத் தண்ணீர்! சோறு மஞ்சளித்தது, தலைமுடி சிக்கானது, கக்கூஸ் சுவரின் உச்சியிலிருந்த தொட்டியின் ஓயாத சளசளப்பு ஈரச் சுண்ணாம்பு நாற்றத்தோடு அடுப்படிவரை வந்து, படுத்தால் காதுக்குள்ளேயே ஓடியது.

"வாஷர மாத்தியாச்சு, வால்வ சுரண்டியாச்சு. இன்னும் இன்னா பண்ணச் சொல்ற?" என்று எரிந்து விழுந்துவிட்டு ஷிப்டுக்குப் போனான் அவள் புருஷன் துளசிராமன்.

பக்கத்து வீட்டு முத்தம்மாள் வேறு வந்து வாயை வைத்தாள். "கெணத்த தூத்துட்டு அதும்மேலயே போரு போட்டுக்கிறானுங்க. அந்தக் கெணத்துல உயுந்த கொயந்தய தூக்கறேன்னு எறங்கினவ மேல வரவேயில்ல. அந்தத் தண்ணியில பொண்ண குளிப்பாட்டாத ரத்னா."

இவள் வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று ரத்னா கதவைச் சாத்தினாள்.

விளக்கு வைக்கும் நேரம். நாலு வயது மகள் செல்வியைக் கக்கூஸை ஒட்டியிருந்த குளியலறையில் வாளியோடு உட்கார வைத்துவிட்டு, கக்கூஸில் ஸ்டூல் போட்டு ஏறித் தொட்டி மூடியைத் தூக்கினாள். தண்ணீரோடு மேலே வந்து வால்வை அடைக்க வேண்டிய மிதவை, அமுங்கியே கிடந்தது. அதன் பித்தளைக் கம்பியை வளைத்துப் பிடித்தாற்போல் வெள்ளை வெள்ளையாக உப்பு. நாலு கட்டி. அடியில் குட்டையாய் ஒன்று.

சீ, உப்புதானே.

பித்தளைக்குப் புளியை விட்டால் வேறென்ன? வீட்டிலிருந்த புளி மொத்தத்தையும் கொண்டுவந்து, குத்துவிளக்கு தேய்ப்பதுபோல் அழுத்தித் தேய்த்தாள். பொருபொருவென்று நுரைத்தது. கட்டிகள் இளகின. ஒவ்வொன்றாய் நிமிர்ந்தன.

மிதவை துள்ளி எழுந்தது. தண்ணீர் நின்றது.

அப்பாடா.

வீட்டில் சத்தமே இல்லை. பிறகு கீழே பீங்கானுக்குள் 'களுக்' என்று எதுவோ இறங்கியது. அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம்.

"யம்மா..." செல்வி சிணுங்கினாள். "கால உடும்மா. வலிக்குது."

ரத்னா குதித்து ஓடினாள். தண்ணீர் போகும் ஓட்டைக்குள் குழந்தையின் பாதம். கணுக்காலைச் சுற்றி வெள்ளையாய் நாலு கட்டி. குட்டையாய் ஒன்று.

பிடித்து இழுத்தாள். வரவில்லை.

புளி. புளி வேண்டும்.

ஒரு கொட்டைகூட மிச்சமில்லை. அந்தப் பிடி இறுகிக்கொண்டே இருந்தது.