குமிழி இல்லாத டாலர்

என் தம்பிக்கு முதல் பல் விழுந்த அன்றே அவன் பெயர் 'ஓட்டைப்பல்' ஆகிவிட்டது. வைத்தது நான்தான். பதிலுக்கு அவன் எனக்கு வைத்த பெயர் 'வாயாடி'. கொஞ்சம்கூடப் பொருத்தமில்லை. சரி, போகட்டும்.

விழுந்த பல்லைத் தீப்பெட்டிக்குள் பஞ்சில் படுக்க வைத்திருந்தான்.

"இத அம்மாவுக்கு டாலரா செஞ்சு குடு அக்கா. கழுத்துல போட்டுக்கிட்டுக் கப்பலுக்குப் போகட்டும்."

எங்கள் அம்மா கப்பலில் இன்ஜினியர். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கிளம்பினால், திரும்பி வர ஆறு மாதம். தம்பி அழவில்லை. ஆனால் தீப்பெட்டியும் கையுமாகவே அலைந்தான். அதைப் பார்க்க எனக்குத்தான் அழுகை வந்தது.

ரெசினில் டாலர் செய்யலாம் என்று எனக்குத் தெரியும். இரண்டு பாட்டில் திரவத்தைச் சம அளவில் கலந்து அச்சில் ஊற்றினால், ஒரே நாளில் கண்ணாடி போல இறுகிவிடும். அச்சையும் வீட்டிலேயே செய்தோம். சிலிக்கான் பசையைச் சோப்புத் தண்ணீரில் பிதுக்கிப் பிசைந்து, அதில் அம்மாவின் சென்ட் பாட்டில் மூடியை அழுத்தி எடுத்தோம். வட்டமாக ஒரு குழி கிடைத்தது.

"கலக்குறத என்கிட்ட விடு!" என்றார் அப்பா. அவர் பேக்கரிக்காரர். ஜன்னலைத் திறந்தார், கையுறையை மாட்டினார், கலக்கினார் பாருங்கள் ஒரு கலக்கு! கப்பில் நுரை பொங்கியது.

சோதனைக்காக ஒரு பாசிமணியைப் போட்டு ஊற்றினோம். மறுநாள் எடுத்தால், உள்ளே முழுக்கக் குமிழி. மணி எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

"இன்னும் நல்லா அடிச்சிருக்கணும்" என்றார் அப்பா. இரண்டாவது தடவை இன்னும் நன்றாக அடித்தார். இன்னும் நன்றாகக் குமிழி வந்தது.

வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. மிச்சம் இருந்த ரெசின் ஒரே ஒரு டாலருக்குத்தான் வரும். பல்லும் ஒன்றுதான். இறுகிவிட்டால் திரும்ப எடுக்கவே முடியாது.

"வேணாம் அக்கா" என்று தம்பி தீப்பெட்டியை மூடினான். "நான் சும்மா பெட்டியோடவே குடுத்துடறேன்."

அன்று மாலை அப்பா கொண்டுவந்த கேக்கைத் தின்னக்கூட மனமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டிய பக்கத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள். பக்கத்திலேயே எங்கள் டாலர். அதிலும் அதே ஓட்டைகள். அடடா!

ஆனால் அப்பாவிடம் எப்படிச் சொல்வது? இரண்டு தடவை கை வலிக்கக் கலக்கியவர் ஆயிற்றே.

"அப்பா, உங்க கேக் மட்டும் எப்படி இவ்வளவு மெத்துமெத்துன்னு இருக்கு?"

அப்பாவுக்கு ஒரே பெருமை. "எல்லாம் காத்து! முட்டைய விடாம அடிச்சா உள்ள காத்து ஏறும். அந்தக் காத்துதான்..."

பேச்சு நின்றது. டாலரைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார்.

"அடப்பாவமே! நான்தானா அந்தக் குமிழி?"

பக்கத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த அம்மா சிரித்த சிரிப்பில் மடித்து வைத்த துணியெல்லாம் சரிந்தது.

சனிக்கிழமை காலை நான் கையுறை மாட்டினேன். அப்பா பக்கத்தில் நின்றார். ஈரம் இருந்தாலும் குமிழி வருமாம்; அச்சைத் துடைத்து இரவெல்லாம் காயவைத்திருந்தேன். ரெசின் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிற்க வைத்ததும் அது இளகியது. பிறகு மெதுவாக, மிக மெதுவாகக் கலக்கினேன்.

"கை பரபரங்குது" என்று முனகினார் அப்பா.

"கைய பாக்கெட்ல வைங்க!" என்றான் தம்பி.

பல்லை இடுக்கியால் எடுத்தபோதுதான் கவனித்தேன். அடியில் குட்டிக் கிண்ணம் போல ஒரு பள்ளம். அப்படியே போட்டால் அதற்குள் இருக்கும் காற்று குமிழியாக வெளியே வருமே! ஒரு பல்குத்தும் குச்சியால் முதலில் அந்தப் பள்ளத்தை ரெசினால் நிரப்பினேன்.

"பல்லு விழுந்தப்புறமும் பல்லக் குத்துறியே" என்றான் தம்பி.

அச்சின் உள்ளே ரெசினை மெல்லிதாகத் தடவி, நூல் போல ஊற்றி, பல்லை இறக்கினேன். மூன்று குமிழிகள் தெரிந்தன.

"இப்பவாவது நான் ஏதாவது பண்ணலாமா?" என்று கேட்டார் அப்பா. கேக் மாவை ஊற்றியதும் தட்டை மேஜையில் தட்டுவாராம். அதேபோல டொக், டொக் என்று தட்டினார். மூன்றும் மேலே வந்து உடைந்தன.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அச்சை விரித்தேன். டாலர் துள்ளி விழுந்தது. வெளிச்சத்தில் பிடித்தோம். ஒரு குமிழிகூட இல்லை! நடுவில் பல் மட்டும் பளிச்சென்று இருந்தது. நாங்கள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

அப்பா ஒரு துளை போட்டுச் சங்கிலியில் கோத்தார். அம்மா கழுத்தில் போட்டுக்கொண்டார். தம்பியைக் கட்டிக்கொண்டபோது அம்மாவுக்குக் கண் கலங்கியது. அவன் மட்டும் அழவே இல்லை.

டாக்ஸி டிரைவர் பெட்டியை ஏற்றிவிட்டு, "டாலர் அழகா இருக்கே! முத்தா?" என்று கேட்டார்.

"என் பையனோட பல்லு. என் பொண்ணு செஞ்சது" என்றார் அம்மா, கழுத்தை நிமிர்த்தி. டிரைவர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

வண்டி கிளம்பியது. தம்பி வாயை அகலத் திறந்து, விரலால் எதையோ ஆட்டிக்கொண்டே பின்னால் ஓடினான்.

"அம்மா! இன்னும் ரெண்டு ஆடுது! நீங்க வர்றதுக்குள்ள கம்மல் ரெடி!"