மண் குடித்த கரைசல்

அழுத்தமானியின் முள் அசையவே இல்லை.

காலையிலிருந்து ஒரே துளை வழியாகச் சிமென்ட் கரைசல் சுரங்கத்தின் கூரைக்கு மேலிருந்த மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. இளகிக் கிடக்கும் மண் அதனால் இறுகினால்தான் மேற்கொண்டு தோண்டும்போது கூரை சரியாது. இடுக்குகள் நிறைய நிறைய, உள்ளே போக இடமில்லாமல் முள் ஏற வேண்டும். ஏறவில்லை. பம்ப்பின் இரைச்சல், ஈரச் சிமென்ட் நெடி, சுவரில் வழியும் நீரில் நெளியும் விளக்கு வெளிச்சம் எல்லாம் அவளுக்குப் பழகியவைதான். பழகாதது, பம்ப் மூச்சு வாங்கும் இடைவெளிகளில் மேலிருந்து கேட்ட சத்தம். மடக், மடக் என்று.

"மேடம், நிறுத்திடலாமா? மண்ணு குடிக்குது," என்றார் பம்ப்காரர்.

நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மண் ஆலோசகர் என்று அவளைக் கூப்பிட்டு வைத்திருப்பதே அதற்குத்தான். கரைசல் எங்கே போகிறது என்று தெரியாமல் ஒரு சொட்டுகூட அனுப்பக் கூடாது. ஆனால் நிறுத்தினால், மேலே உள்ள தெருவைக் காலி செய்யச் சொல்ல வேண்டும். காலி செய்யத் தேவையே இல்லை என்று அடித்துச் சொன்னவளே அவள்தான். தெருவைக் காலி செய்தால் வேலை தாமதமாகும், அப்படிச் சொல்லிவிடுங்கள் என்று சுரங்க வேலையின் மேலாளர் குழைந்து குழைந்து கேட்டார். அடுத்த சுரங்கமும் உங்களுக்குத்தான் என்றார். அவளும் மண்டையை ஆட்டிவிட்டாள்.

அந்தத் தெருவில்தான் அக்கா தனியாக இருந்தாள். பயந்துபோன அக்கம்பக்கத்தார் பெட்டி கட்டத் தொடங்கியபோது, "என் தங்கச்சியே சொல்லிட்டா, அப்புறம் என்ன?" என்று வீடு வீடாகப் போய்ப் பெருமையடித்து எல்லோரையும் தடுத்தவள் அக்கா. அந்தப் பெருமைக்காவது உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"குடிக்கட்டும். வயிறு நிறைஞ்சா தானா நிறுத்தும். சீக்கிரம் இறுகுற மருந்தைக் கலந்து விடுங்க," என்றாள்.

பம்ப்காரர் சிரிக்காமல் மருந்தைக் கலந்தார்.

சாயங்காலம் முள் ஏறியது. படிப்படியாக அல்ல, ஒரே துள்ளலில் கடைசிக் கோடு வரை. மேலே அந்தச் சத்தமும் நின்றது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெளியே வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"என்னடி பண்ணீங்க கீழ? தரையெல்லாம் கதகதன்னு இருக்கு. கால் வலிக்கு நல்லா இதமா இருக்கு."

இறுகும் சிமென்ட் சூடு கக்கும். அப்படியென்றால் கரைசல் அக்கா வீட்டுத் தரைக்கடியில் வந்துவிட்டது.

"அக்கா, வெளிய வா. இப்பவே. எதையும் எடுக்காத."

"வரலாம்னுதான் பாக்குறேன். எழுந்திருக்க முடியலடி. நீ வந்து தூக்கிவிடு."

போனை அணைக்காமலே ஓடினாள். தெரு பக்கத்தில்தான். வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்த நேரம். சமையல் வாசனையும் டிவி சத்தமும் சண்டையும் தெருவுக்கு வந்துவிழ வேண்டிய நேரம். ஒன்றுமில்லை. சாக்கடை ஓடவில்லை. சாம்பல் நிறத்தில், வழித்துவிட்ட மாவு மாதிரி, விளிம்புவரை அப்படியே நின்றது. எல்லா வீட்டுக் கதவுகளும் சாத்தியிருந்தன. எல்லாக் கதவிடுக்கிலும் அதே சாம்பல் கசிவு. காய்ந்த கசிவு.

யாரையாவது கூப்பிட நினைத்தாள். யாரை?

"வந்துட்டியா?" போனில் அக்கா. குரலில் வலி இல்லை. பயம் இல்லை. "பூட்டல. இழு."

கைப்பிடி சுட்டது. இழுத்தாள்.

உள்ளே வீடு இல்லை.

வாசற்படியிலிருந்து நிலையின் மேல்விளிம்புவரை ஒரே சாம்பல் சுவர். வழவழப்பாக. அனல் அவள் முகத்தில் அடித்தது. நாற்காலியோ, ஜன்னலோ, விளக்கோ எதுவும் இருந்த அடையாளமே இல்லை. தட்டிப் பார்த்தாள். கல்.

"அக்கா..."

"ஏன்டி வாசல்லயே நிக்கிற? நீ சொன்னேன்னுதானே எல்லாரும் இருக்கோம். உள்ள வா."

எல்லாரும்.

போன் கையிலிருந்து நழுவியது. விழுந்த இடத்திலிருந்தும் குரல் பேசிக்கொண்டே இருந்தது. ஒரு குரல் அல்ல. தெருவே பேசியது.

உட்கார்ந்திருப்பவளின் தோளுயரத்தில் அந்தச் சுவர் மெல்லப் புடைத்தது. முதலில் உள்ளங்கை. பிறகு ஐந்து விரல்கள். கல்லான விரல்கள், ஒவ்வொன்றாக மடங்கி, அவளை உள்ளே அழைத்தன.